கழுதைப்புலிக்கு நீதி தேடிய காமிராக்காரர்

நள்ளிரவு.

ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில், நாலாபுறமும் மலைச்சுவர் சூழ்ந்த ஒரு பெரும் பள்ளம். வானத்தில் நிலவு. புல்வெளியில் ஆயிரக்கணக்கான மான்களும் வரிக்குதிரைகளும் படுத்திருக்கின்றன.

திடீரென்று கழுதைப்புலிக் கூட்டம் ஒன்று கிளம்புகிறது. மந்தைக்குள் பாய்கிறது. மந்தை சிதறி ஓடுகிறது. பின்தங்கிய மான் ஒன்றைக் கழுதைப்புலிகள் துரத்துகின்றன. மான் ஓடுகிறது. அவை விடவில்லை. கடைசியில் மான் விழுகிறது.

கழுதைப்புலிகள் தின்னத் தொடங்குகின்றன. ஒரே கூச்சல். அந்தக் கூச்சல் வெகுதூரம் கேட்கிறது. சிங்கங்களின் காதிலும் விழுகிறது.

சிங்கங்கள் வருகின்றன. கழுதைப்புலிகளை அடித்து விரட்டுகின்றன. இரையைப் பிடுங்கிக்கொள்கின்றன.

பொழுது விடிகிறது. சுற்றுலாப் பயணிகள் காரில் வருகிறார்கள். சிங்கம் இறைச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது. சற்றுத் தள்ளிக் கழுதைப்புலிகள் காத்துக் கிடக்கின்றன. சிங்கம் வேட்டையாடிய ராஜா, கழுதைப்புலி எச்சிலுக்கு ஏங்கும் பிச்சைக்காரன் என்று எண்ணிக்கொண்டு அவர்கள் போய்விடுகிறார்கள்.

திருடியது யார்? பறிகொடுத்தது யார்? இரவு முழுவதும் விழித்திருந்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

அப்படி விழித்திருந்த சிலரில் ஒருவர் ஹியூகோ வான் லாவிக். அவர் கையில் துப்பாக்கி இல்லை. காமிரா இருந்தது. அந்தக் காமிராவோடு அவர் ஆப்பிரிக்கக் காடுகளிலும் புல்வெளிகளிலும் சுமார் 40 ஆண்டுகளைக் கழித்தார். கெட்ட பெயர் எடுத்த மிருகங்களின் உண்மை வாழ்க்கையை உலகத்துக்குக் காட்டினார்.

அவருடைய கதை இது.

தந்தையை இழந்த பிள்ளை

ஹியூகோ வான் லாவிக் 1937-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் சுரபாயா. இது இன்று இந்தோனேஷியாவில் இருக்கிறது. அன்று அந்த நாடு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது.

குடும்பம் டச்சுப் பிரபுக் குடும்பம். பிரபு என்ற பட்டம் பரம்பரையாக வந்தது. ஆனால் ராஜபோகம் ஒன்றும் இல்லை. தந்தை கடற்படையின் விமானப் பிரிவில் விமானி. அன்றாடம் உயிரைப் பணயம் வைக்கும் உத்தியோகம்.

1941-ல் தந்தை விமான விபத்தில் இறந்தார். அப்போது ஹியூகோவுக்கு வயது நான்குதான். தாய் விதவையானார். கையில் இரண்டு ஆண் குழந்தைகள். உலகப் போர் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் அந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

தாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். போர் முடிந்து 1947-ல்தான் குடும்பம் சொந்த நாடான ஹாலந்துக்குத் திரும்பியது.

பத்து வயதுக்குள் நான்கு நாடுகள்! சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. பின்னாளில் அந்தப் பிள்ளை தன் ஊராகத் தேர்ந்தெடுத்தது, சிங்கமும் கழுதைப்புலியும் உலவும் ஒரு புல்வெளியை.

காமிரா கைக்கு வந்தது

ஹியூகோவுக்கு மிருகங்கள்மேல் ஆசை. படம் பிடிப்பதிலும் ஆசை. இரண்டு ஆசைகளையும் ஒன்றாகச் சேர்க்க ஆப்பிரிக்காதான் ஏற்ற இடம் என்று முடிவு செய்தார். இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில் கென்யா நாட்டுக்குப் போனார்.

அந்தக் காலத்தில் அர்மான் டெனிஸ், மைக்கேலா டெனிஸ் என்ற தம்பதிகள் காட்டு மிருகங்களைப் படம் பிடித்து டெலிவிஷனில் காட்டிப் பெயர் பெற்றிருந்தார்கள். அவர்களிடம் ஹியூகோ வேலைக்குச் சேர்ந்தார். காமிராத் தொழிலைக் கற்றார்.

கென்யாவில் அப்போது லூயி லீக்கி என்ற பெரிய விஞ்ஞானி இருந்தார். ஆதி மனிதனின் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தவர். ஹியூகோவின் திறமை அவர் கண்ணில் பட்டது.

லீக்கிக்கு ஒரு நல்ல காமிராக்காரர் தேவைப்பட்டார். அவர் அனுப்பிய ஓர் இளம் பெண் காட்டில் தனியாக இருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண் கண்டதை உலகம் நம்ப வேண்டும். அதற்குப் படம் வேண்டும்.

காட்டில் மலர்ந்த காதல்

அந்தப் பெண்தான் ஜேன் குடால்.

இங்கிலாந்துக்காரரான அவர், 1960 ஜூலையில் தாங்கனீக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பேக் காட்டுக்கு வந்தார். சிம்பன்சிக் குரங்குகளின் வாழ்க்கையைக் கவனித்தார். அந்த ஆண்டிலேயே ஓர் அதிசயத்தைக் கண்டார். சிம்பன்சிகள் புல் தண்டையும் குச்சியையும் கறையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிக்கொள்ளும் கறையான்களை எடுத்துத் தின்றன. குச்சியில் இருந்த இலைகளை உருவி, வேலைக்கு ஏற்றபடி செய்துகொண்டன. மனிதன் மட்டுமே கருவி செய்வான் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

1962-ல் அமெரிக்காவின் நேஷனல் ஜியாகிரபிக் சங்கத்தின் சார்பில் ஹியூகோ கோம்பேக்கு வந்தார். கனமான காமிராக்களைச் சுமந்துகொண்டு மலைச்சரிவுகளில் ஏறினார். செடி மறைவில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். சிம்பன்சிகள் மெல்ல அவருக்கும் பழகின. குச்சியால் கறையான் பிடிக்கும் காட்சியை அவர் சினிமாப் படமாக எடுத்தார்.

ஜேனுக்கும் அவருக்கும் நட்பு வளர்ந்தது. நட்பு காதலாயிற்று. 1964 மார்ச் 28-ந் தேதி லண்டனில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 26. மணமகளுக்கு 29.

கோம்பேயில் ஃப்ளோ என்ற வயதான சிம்பன்சி குட்டி போட்டிருந்தது. அதைப் பார்க்கும் அவசரத்தில் புதுமணத் தம்பதிகள் தேனிலவைச் சுருக்கிக்கொண்டு காட்டுக்குத் திரும்பினார்கள்!

ஹியூகோ எடுத்த படம் 1965-ல் அமெரிக்க டெலிவிஷனில் ஓடியது. ஜேன் குடாலின் பெயர் உலகம் எங்கும் பரவியது. படத்தில் தெரிந்தவர் ஜேன். படத்துக்குப் பின்னால் நின்றவர் ஹியூகோ.

கல் எறியும் கழுகு

சிம்பன்சி மட்டுமா கருவியைக் கையாளும்? தம்பதிகளுக்கு இன்னோர் அதிசயமும் கண்ணில் பட்டது.

செரங்கெட்டி என்ற பெரிய புல்வெளியில் நெருப்புக்கோழியின் முட்டைகள் கிடந்தன. அந்த முட்டையின் ஓடு மிகவும் கெட்டி. பெரிய கழுகுகள் கொத்திப் பார்த்தன. உடையவில்லை. அப்போது சிறிய வெள்ளைக் கழுகுகள் வந்தன. அலகால் கல்லைத் தூக்கின. கழுத்தை நிமிர்த்தி, முட்டையின்மேல் வீசி எறிந்தன. பல முறை எறிந்ததும் ஓடு உடைந்தது.

இதை இருவரும் எழுத, 1966-ல் நேச்சர் என்ற விஞ்ஞானப் பத்திரிகை வெளியிட்டது. ஒரு காலத்தில் திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு வந்து உணவு கொண்ட கழுகுகளும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான்.

ஊரெல்லாம் வெறுத்த மிருகம்

செரங்கெட்டியில் ஹியூகோவின் மனம் ஒன்றியது. சிங்கம், சிறுத்தை என்று எல்லோரும் படம் பிடிக்கும் மிருகங்கள் அங்கே நிறைய. ஆனால் அவர் மூன்று வேறு மிருகங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒன்று ஆப்பிரிக்கக் காட்டுநாய். இரண்டாவது நரி. மூன்றாவது புள்ளிக் கழுதைப்புலி. மூன்றையும் பிடிக்காதவர்களே அதிகம்.

கழுதைப்புலிக்கு இருந்த கெட்ட பெயர் கொஞ்சநஞ்சம் அல்ல. பின்னங்கால் குட்டை, முன்னங்கால் நெட்டை. நடந்தால் நொண்டுவது போலத் தோன்றும். குரல் பேய்ச் சிரிப்பு. கோழை, பிணந்தின்னி, திருடன் என்று பெயர்.

ஆணும் பெண்ணும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால், இந்த மிருகம் ஓர் ஆண்டு ஆணாகவும் மறு ஆண்டு பெண்ணாகவும் இருக்கும் என்று பழங்காலத்து மக்கள் நம்பினார்கள். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அது உண்மை அல்ல என்று எழுதி வைத்தார். ஆனாலும் கதை ஓயவில்லை.

கெட்ட பெயரின் விளைவு என்ன? ஆப்பிரிக்காவில் பல இடங்களில், சரணாலயங்களில்கூட, கழுதைப்புலியைச் சுட்டுத் தள்ளினார்கள். நஞ்சு வைத்தார்கள். கேட்பார் இல்லை.

நம் நாட்டுக் காடுகளில் இருப்பது வரிக் கழுதைப்புலி. அது வேறு இனம். பெரும்பாலும் தனியாக இரை தேடும். ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி பெரியது, கூட்டமாக வாழ்வது.

அதன் உண்மையான குணத்தை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஹான்ஸ் குரூக் என்ற டச்சு விஞ்ஞானி. 1964-ல் செரங்கெட்டிக்கு வந்தவர். இரவெல்லாம் ஜீப்பில் கழுதைப்புலிகளின் பின்னாலேயே போனார். அவை தின்னும் இறைச்சியில் பெரும்பகுதி அவையே வேட்டையாடியது என்று கண்டுபிடித்தார். நிகோரோங்கோரோ என்ற பள்ளத்தில், கழுதைப்புலி கொன்ற இரையைச் சிங்கம் பறிப்பது அடிக்கடி நடந்தது. கழுதைப்புலியும் சிங்கத்திடம் பறிப்பது உண்டு. ஆனால் அது ஒன்றே அதன் பிழைப்பு அல்ல.

இந்த உண்மையை விஞ்ஞானிகள் தெரிந்துகொண்டால் போதுமா? சாதாரண மக்களும் கண்ணால் பார்க்க வேண்டாமா? அந்த வேலையில் ஹியூகோ இறங்கினார்.

பள்ளத்துக்குள் ஓர் உலகம்

நிகோரோங்கோரோ ஒரு காலத்தில் பெரிய எரிமலை. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அதன் உச்சி உள்ளே இடிந்து விழுந்தது. இப்போது அது கிண்ணம் போன்ற பள்ளம். சுற்றுச்சுவர் சுமார் 600 மீட்டர் உயரம். அடித்தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் புல்லும் தண்ணீரும் உண்டு. ஆகவே மிருகங்களுக்கும் பஞ்சம் இல்லை.

1960-களின் பிற்பகுதியில் ஹியூகோவும் ஜேனும் அங்கே கூடாரம் அடித்தார்கள். 1967-ல் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையையும் உடன் கொண்டுவந்தார்கள். பகலில் குழந்தையைப் பார்க்க வேண்டும். இரவில் கழுதைப்புலியைப் பார்க்க வேண்டும்!

பள்ளத்தில் சுமார் 400 கழுதைப்புலிகள் இருந்தன. அவை எட்டுக் குலங்களாகப் பிரிந்து வாழ்ந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் தனி எல்லை உண்டு. எல்லையில் வாசனை தடவி அடையாளம் வைக்கும். ஒரு குலம் துரத்திய மான் அடுத்த குலத்தின் எல்லைக்குள் போய் விழுந்தால் பெரும் சண்டை மூளும். சில சமயம் உயிர்கூடப் போகும். வயல் வரப்புக்காக நடக்கும் பங்காளிச் சண்டை போலத்தான்!

ஹியூகோவும் ஜேனும் ஒவ்வொரு கழுதைப்புலியையும் தனியாக அடையாளம் கண்டார்கள். உடம்பில் உள்ள புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பது போல மற்றொன்றுக்கு இராது. காதில் உள்ள கிழிசல்களும் உதவின. எண் கொடுக்கவில்லை; பெயர் வைத்தார்கள். ஒரு குலத்துக்குப் பெண் கழுதைப்புலிகள் இரண்டு தலைமை வகித்தன. ஒன்றின் பெயர் பிளடி மேரி. மற்றொன்றின் பெயர் லேடி ஆஸ்டர்.

பெயர் வைத்ததும் கூட்டம் குடும்பமாகத் தெரிந்தது. யார் தாய், யார் மகள், யாருக்கு யார் தோழி என்பது புரிந்தது.

பெண்ணரசு

கழுதைப்புலிக் குலத்தில் நடப்பது பெண் ஆட்சி. பெண்தான் பெரியது. பெண்தான் பலசாலி. இரையின் அருகே பெண் வந்தால் ஆண் விலகி நிற்கும்.

தலைவிப் பதவி தாய்வழியே வருகிறது. தலைவியின் மகள் பிறந்தவுடனேயே இளவரசிதான். தாய்க்கு அடுத்த இடம் மகளுக்கு. சகோதரிகளுக்குள் இளையவளே உயர்ந்தவள். தாய் எப்போதும் கடைக்குட்டியின் பக்கமே நிற்பாள் என்பதே காரணம். 1988-ல் கென்யாவிலும், 1996-ல் இதே பள்ளத்திலும் தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சிகள் இவற்றை இன்னும் தெளிவாகக் காட்டின.

ஆண்பிள்ளையின் கதை வேறு. வயது வந்ததும் அவன் பிறந்த குலத்தை விட்டு வேறு குலத்துக்குப் போகிறான். அங்கே அவன் எல்லோருக்கும் கீழே. பொறுமையாகக் காத்திருந்துதான் மேலே வர வேண்டும். நம்மிடையே பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். கழுதைப்புலியிடம் ஆண்தான் புகுந்த வீட்டுக்குப் போகிறான்!

குட்டி வளர்ப்பில் தாய் படும் பாடு பெரிது. வழக்கமாக இரண்டு குட்டிகள் பிறக்கும். கறுத்த நிறம். பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், பல்லும் இருக்கும். பிறந்த அன்றே இரட்டைப் பிள்ளைகள் சண்டையிடத் தொடங்கும்.

பல தாய்களின் குட்டிகள் ஒரே வளையில் இருக்கும். வளையின் உள்வழி குறுகலானது. குட்டிகள் நுழையலாம். பெரியவை நுழைய முடியாது. சிங்கமும் நுழைய முடியாது. குட்டிகளுக்கு அதுவே கோட்டை.

ஆனால் பால் மட்டும் அவரவர் தாயிடம்தான். ஒருத்தி பெற்ற குட்டிக்கு மற்றொருத்தி பால் கொடுப்பது மிகவும் அபூர்வம். ஓராண்டும் அதற்கு மேலும் தாய் பால் கொடுக்கிறாள். செரங்கெட்டிச் சமவெளியில் மான் மந்தைகள் தொலைவாகப் போய்விடும் காலத்தில், தாய் பல கிலோமீட்டர் நடந்து போய் வயிறு நிறைத்துக்கொண்டு வர வேண்டும். குட்டிகள் சில நாட்கள் பட்டினியாக வளையில் காத்திருக்கும். தாய் வழியில் இறந்தால் குட்டிகளின் கதியும் அதோடு முடிந்தது.

கொடிய மிருகம் என்று உலகம் ஏசிய அதுவே, வளையின் வாயிலில் சாய்ந்து படுத்துக் குட்டிக்குப் பால் கொடுக்கும் காட்சியை ஹியூகோவின் காமிரா கண்டது.

அது சிரிப்பு அல்ல

கழுதைப்புலி சிரிக்கிறது என்று சொல்வார்கள். அது சிரிப்பு அல்ல. பெரும்பாலும் பயமும் பதற்றமும்தான். வலியது துரத்தும்போதும், இரைக்காக நெருக்கித் தள்ளும்போதும், மெலியது எழுப்பும் குரல் அது. அழுகையைச் சிரிப்பு என்று எண்ணிவிட்டார்கள் மக்கள்!

தூரத்தில் இருக்கும் உறவினரை அழைக்க வேறு குரல் உண்டு. ஊ என்று தாழ்ந்து தொடங்கி, மேலே ஏறி முடியும். பல கிலோமீட்டர் கேட்கும். குரலைக் கேட்டே, கூப்பிடுவது யார் என்று மற்றவை தெரிந்துகொள்ளும்.

பிரிந்தவை சந்தித்தால் முகர்ந்து பார்த்து நலம் விசாரிக்கும். தாழ்ந்தது முதலில் வணக்கம் சொல்லும். உயர்ந்தது ஏற்றுக்கொள்ளும்.

காட்டுக்கு அவை செய்யும் சேவையும் உண்டு. மற்ற மிருகங்கள் விட்டுவிடும் எலும்பையும் தோலையும் அவை தின்றுவிடும். செத்தது அழுகி நாறாமல் காட்டைத் துப்புரவு செய்யும்.

கணவனும் மனைவியும் எழுதிய புத்தகம்

இருவரும் கண்டதெல்லாம் 1970-ல் புத்தகமாக வந்தது. பாவம் அறியாத கொலைகாரர்கள் என்ற பொருளில் அதற்குப் பெயர் சூட்டினார்கள். காட்டுநாயும் நரியும் ஹியூகோவின் பங்கு. கழுதைப்புலியைப் பற்றி ஜேன் எழுதினார். படங்கள் ஹியூகோ எடுத்தவை.

இந்த மிருகங்கள் கொல்கின்றன, அது உண்மை. அவை கொல்லும் விதம் பார்ப்பவர்களை நடுங்க வைக்கும். அதையும் ஹியூகோ மறைக்கவில்லை. தம் வயிற்றுக்காகவும் குட்டிகளின் வயிற்றுக்காகவும் கொல்கின்றன. அதில் வன்மம் இல்லை. புத்தகத்தின் பெயரே அதைச் சொல்லிவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972-ல், ஹான்ஸ் குரூக்கின் பெரிய ஆராய்ச்சி நூலும் வெளிவந்தது. கழுதைப்புலியைப் பற்றிய பழைய எண்ணம் படித்தவர்களிடையே மாறத் தொடங்கியது.

கை கொடுப்பதா, வேண்டாமா?

காட்டில் கவனிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பார்க்கலாம், தலையிடக் கூடாது.

இந்த விதி எவ்வளவு கடினமானது என்பதைக் கோம்பேயிலேயே ஹியூகோ அனுபவித்தார். சிம்பன்சிகளை அருகே வரவழைக்க வாழைப்பழம் கொடுத்தார்கள். நல்ல படங்கள் கிடைத்தன. ஆனால் பழத்துக்காகச் சிம்பன்சிகளுக்குள் சண்டை பெருகியது. பிறகு பழம் கொடுப்பதைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1966-ல் இளம்பிள்ளை வாதம் சிம்பன்சிகளைத் தாக்கியது. அப்போது பழத்துக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் கொடுத்தார்கள். தலையீடு ஒரு முறை தீமையாயிற்று. இன்னொரு முறை உயிர் காக்கும் முயற்சியாயிற்று.

செரங்கெட்டியில் சோதனை மறுபடியும் வந்தது.

ஹியூகோ ஒரு காட்டுநாய்க் கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இரண்டு பெண் நாய்கள். தலைவியின் பெயர் ஹேவக். கீழ்ப்படிந்தவளின் பெயர் ஏஞ்சல். ஏஞ்சல் குட்டி போட்டாள். தலைவிக்குப் பொறுக்கவில்லை. ஏஞ்சலின் குட்டிகளைக் கொன்றாள். ஒன்று மட்டும் தப்பியது. அது பெண் குட்டி. ஹியூகோ அதற்குச் சோலோ என்று பெயர் வைத்தார். தன்னந்தனி என்று பொருள்.

கூட்டம் இடம் பெயரத் தொடங்கியது. சோலோ மிகவும் சிறியது. பெரியவற்றோடு ஓட முடியவில்லை. பின்தங்கியது. பரந்த புல்வெளியில் ஒரு சின்னஞ்சிறு குட்டி. விட்டுவிட்டால் சாவு நிச்சயம்.

ஹியூகோவின் மனம் போராடியது. காமிராக்காரர் என்றால் படம் எடுத்துவிட்டுப் போக வேண்டும். மனிதர் என்றால்?

அவர் குட்டியைத் தூக்கிக்கொண்டார். உணவு கொடுத்துக் காப்பாற்றினார். பிறகு வேறொரு காட்டுநாய்க் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். அந்தக் கூட்டம் சோலோவை ஏற்றுக்கொண்டது.

தாம் செய்ததை அவர் ஒளிக்கவில்லை. புத்தகத்திலும், 1973-ல் வந்த படத்திலும் சோலோவின் கதையைச் சொன்னார். தந்தையை இழந்து நாடு நாடாகப் போன ஒருவருக்கு, கூட்டத்தை இழந்த குட்டியைக் கடந்து போக மனம் வருமா?

பிரிவு

காட்டுக் குடும்பங்களைப் படம் பிடித்தவரின் சொந்தக் குடும்பம் நிலைக்கவில்லை.

ஜேனின் உள்ளம் கோம்பேயில். சிம்பன்சிகளை விட்டு அவரால் இருக்க முடியாது. ஹியூகோவின் தொழில் செரங்கெட்டியில். மகன் இரண்டு இடங்களுக்கும் நடுவே வளர்ந்தான். கோம்பேயில் குழந்தைக்குக் கம்பி வலை அடித்த தாழ்வாரம் வேண்டியிருந்தது. சிம்பன்சிகள் மனிதக் குழந்தையைத் தூக்கிச் சென்ற சம்பவங்கள் உண்டு. வெளியே மிருகம், வீட்டில் வலைக்குள் பிள்ளை!

இருவரும் கூடுமானவரை முயன்றார்கள். ஆனால் பிரிந்திருக்கும் நாட்கள் பெருகின. 1974-ல் விவாகரத்து ஆயிற்று. பகை இல்லை. நட்போடு பிரிந்தார்கள். ஹியூகோ பின்னர் மறுமணம் செய்துகொண்டார். அதுவும் நிலைக்கவில்லை.

நிலைத்தது ஒன்றுதான். செரங்கெட்டியின் தென்பகுதியில், நிடுட்டு ஏரியின் அருகே, வேல மரங்களின் நிழலில் அவர் அடித்த கூடாரம். பிரபு பட்டம் உள்ளவர் அரண்மனை கட்டவில்லை. துணிக் கூடாரத்திலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்.

விடியுமுன் எழுவார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இருட்டும் வரை காத்திருப்பார். சில நாட்கள் ஒரு நல்ல காட்சியும் கிடைக்காது. மறுநாள் மறுபடியும் போவார். பொறுமைதான் அவருடைய முதல் கருவி. காமிரா இரண்டாவது கருவி.

எத்தனையோ படங்கள் எடுத்தார். எம்மி என்ற டெலிவிஷன் விருது பல முறை கிடைத்தது. கோம்பேச் சிம்பன்சிக் குடும்பத்தின் இருபது ஆண்டுக் கதையைச் சொல்லும் படம் 1988-ல் வந்தது. சிறுத்தைக் குட்டி ஒன்று வளர்ந்து தாயைப் பிரியும் கதையை 1996-ல் சினிமாத் திரைக்குக் கொண்டுவந்தார். செரங்கெட்டியின் ஆண்டு முழு வாழ்க்கையையும் 1998-ல் இன்னொரு படமாக்கினார்.

புல்வெளியே வீடு

அதற்குள் உடல்நலம் கெட்டுவிட்டது. நுரையீரல் நோய் முற்றியது. மூச்சு வாங்கியது. கூடாரத்தை விட்டுப் பிரிய வேண்டியதாயிற்று. டார் எஸ் சலாம் நகரத்துக்கு வந்தார். 2002 ஜூன் 2-ந் தேதி அங்கே காலமானார். அப்போது வயது 65.

உடலை ஹாலந்துக்குக் கொண்டு போகவில்லை. கூடாரம் போட்டு வாழ்ந்த நிடுட்டுவிலேயே அடக்கம் செய்தார்கள். சொந்த ஊர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குக் கடைசியில் ஓர் ஊர் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை.

1960-களில் கோம்பேயில் அவர் எடுத்த படச்சுருள்கள் பெட்டிகளில் மறந்து கிடந்தன. 2014-ல் அவை வெளிவந்தன. நூறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம்! அதைக் கொண்டு பிரெட் மார்கன் என்ற டைரக்டர் உருவாக்கிய படம் 2017-ல் வெளிவந்தது. படத்தின் பெயர் ஜேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இளம் ஜேன் வண்ணத்தில் நடந்து வருவதை உலகம் பார்த்து வியந்தது. அந்தக் காட்சிகளில் ஹியூகோ அதிகம் தெரியமாட்டார். ஆனால் எதையும் அவர் கண்ணால்தான் நாம் பார்க்கிறோம்.

கழுதைப்புலியின் கெட்ட பெயர் முழுவதும் போய்விட்டதா? இல்லை. சரணாலயத்துக்கு வெளியே கண்ணியும் நஞ்சும் வைப்பவர்கள் இன்றும் உண்டு. கார்ட்டூன் படங்களில் அது இன்றும் வில்லன்தான். ஆனால் அது கோழை அல்ல, எச்சில் பொறுக்கி மட்டும் அல்ல, தாய்வழிக் குடும்பம் நடத்தும் நல்ல வேட்டைக்காரன் என்பதை இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் தெரிந்துகொள்ளலாம்.

விடிந்தபின் வருபவர்களுக்குச் சிங்கத்தின் வாயில் இருக்கும் இறைச்சி மட்டுமே தெரியும். அது அங்கே எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, ஓர் இரவாவது விழித்திருக்க வேண்டும். ஹியூகோ எத்தனையோ இரவுகள் விழித்திருந்தார்.

நிடுட்டுவில் அவர் கல்லறை இருக்கும் இடத்தில் வேலி நகரம் எதுவும் இல்லை. சுற்றிலும் புல்வெளிதான். இருட்டியதும் அந்தப் பக்கம் கழுதைப்புலிகள் வருகின்றன. உறவினரைப் பெயர் சொல்லி அழைப்பது போல், ஒன்றை ஒன்று நெடுநேரம் கூவி அழைக்கின்றன.